வீட்டுக்காவலுக்கு வீடு வேணும்

வீட்டுக்காவல் என்கிற சொல் நம்ம சனங்க காதுல விழுறது பெரும்பாலும் பேப்பர் வழியாகத்தான். போராட்டத்துக்கு முந்தின நாள் தலைவர் வீட்டு வாசலில் போலிஸ் வேன் வந்து நிற்கும். அவரை வெளியே விட மாட்டார்கள். எழுத்தில் உத்தரவு எதுவும் இருக்காது. சாயந்திரம் வேன் கிளம்பிவிடும், மறுநாள் 'வீட்டுக்காவலில் தலைவர்' என்று செய்தி வரும். இன்னொரு வகை, பெரிய இடத்து வகை. 1960களின் நடுவில் காஷ்மீரத்து ஷேக் அப்துல்லாவைக் கொடைக்கானலில் ஒரு பங்களாவில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இந்த இரண்டும் என் பேச்சு இல்லை. வழக்குப் போட்டு, கைது பண்ணி, விசாரணைக்காகக் காத்துக் கிடக்கிற ஒருவரை ஜெயிலுக்குப் பதிலாக வீட்டில் அடைத்துவைக்கிற முறை ஒன்று சில வருசங்களாக நம் நீதிமன்றங்களில் நடமாடுகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மாணவத் தோழர்கள் நடுவில் இப்போது அடிக்கடி ஒரு கேள்வி எழுகிறது. ஜெயில்ல கெடக்குற நம்ம ஆளுங்களுக்கும் வீட்டுக்காவல் கேட்டா என்ன? பேர்பெற்ற எழுத்தாளருக்குக் கொடுத்ததைக் கூலிக்காரனுக்குக் கொடுக்கக் கூடாதா? சமத்துவத்தின் பெயரால் எழும் கேள்வி, ஆகவே சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தக் காவல் எப்படி நடக்கிறது, யார் காசில் நடக்கிறது, யார் தலையில் விடிகிறது என்று பார்க்காமல் ஆமாம் போடவும் முடியாது.

முதலில் சட்டம். விசாரணைக் கைதிக்கு வீட்டுக்காவல் என்று சட்டப் புத்தகத்தில் தனிப் பிரிவு கிடையாது. கைதானவரைப் போலிஸ் காவலில் வைக்கலாம், நீதிமன்றக் காவலில் வைக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 167ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 187ஆம் பிரிவு. வழக்கின் தன்மையைப் பொறுத்து 60 நாள் அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் கைதி ஜாமீனில் வெளியே வரும் உரிமை பெறுகிறார். ஊபா சட்டத்தில் இதை 180 நாள் வரை இழுக்கலாம். ஆக உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் கணக்கு. ஒரு நாள் கூடினாலும் குறைந்தாலும் ஒரு மனுசன் வெளியே வருவதும் உள்ளேயே கிடப்பதும் மாறிப்போகும்.

வீட்டுக்காவல் என்ற பேச்சை நாடு முழுக்கக் கொண்டுவந்தது பீமா கொரேகான் வழக்கு. 1818 ஜனவரி 1இல் பேஷ்வா படையோடு மோதிய மகர் வீரர்களை நினைவுகூரக் கூடும் சனங்கள் மீது, அதன் 200ஆம் ஆண்டில், 2018 ஜனவரி 1இல் தாக்குதல் நடந்தது. தாக்கியவர்களைத் தேடுவது பின்னுக்குப் போக, போலிஸ் கை எழுத்தாளர்கள், வக்கீல்கள் பக்கம் நீண்டது. 2018 ஜூன் 6இல் ஐந்து பேரைப் பிடித்தார்கள். 'வித்ரோஹி' இதழின் ஆசிரியர், தலித் கவிஞர் சுதிர் தாவ்லே அதில் ஒருவர். நாக்பூரின் தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங் இன்னொருவர். ஆகஸ்ட் 28இல் இன்னும் ஐந்து பேர்: சுதா பரத்வாஜ், கௌதம் நவ்லாகா, வரவர ராவ், அருண் ஃபெரைரா, வெர்னன் கோன்சால்வஸ். மறுநாளே ரொமிலா தாப்பர் உள்ளிட்ட அறிஞர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்டில் பிடிபட்ட ஐந்து பேரையும் அவரவர் வீட்டிலேயே காவலில் வைக்கும்படி உத்தரவு வந்தது.

ஒரே வழக்கு. ஜூனில் பிடிபட்டவர்கள் எரவாடா சிறையில், ஆகஸ்டில் பிடிபட்டவர்கள் வீட்டில். நீதிபதிகள் சாதி பார்த்துப் பிரித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மனுப் போட்டது ஆகஸ்ட் கைதுகளை எதிர்த்து, உத்தரவும் அவர்களுக்கே வந்தது. ஆனால் மறுநாள் காலையிலேயே தலைநகரத்தின் பெரிய நீதிமன்றத்தில் யாருக்காகக் கதவு தட்டப்படுகிறது, யாருக்காகத் தட்டப்படுவதில்லை என்பது சட்டத்துக்கு வெளியே தீர்மானமாகிற விஷயம். வீட்டுக்குப் போன ஐந்து பேரும் நம் மக்களுக்காக உழைத்தவர்கள்தான். சில வாரங்களில் அந்த வீட்டுக்காவலும் முடிந்தது. டெல்லி உயர்நீதிமன்றம் நவ்லாகாவை அக்டோபர் 1இல் விடுவித்தது. மற்றவர்கள் அடுத்தடுத்து ஜெயிலுக்குப் போனார்கள். தாவ்லேவுக்கு மும்பை உயர்நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது 2025 ஜனவரி 8இல். ஆறரை ஆண்டுக்கு மேல், விசாரணை தொடங்காமலே.

நவ்லாகா 2020 ஏப்ரல் 14இல், அம்பேத்கர் பிறந்த நாளில், ஆனந்த் டெல்டும்டேயைப் போலவே சரணடைந்து மீண்டும் உள்ளே போனார். 2018இல் வீட்டில் அடைபட்டிருந்த 34 நாளையும் சேர்த்தால் 90 நாள் தாண்டிவிட்டது, ஆகவே எனக்கு ஜாமீன் உரிமை வந்துவிட்டது என்று அவர் வாதாடினார். 2021 மே 12இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இனிமேல் தகுந்த வழக்குகளில் 167ஆம் பிரிவின் கீழ் வீட்டுக்காவல் உத்தரவு போடலாம். வயது, உடல்நிலை, முந்தைய நடத்தை, குற்றத்தின் தன்மை, நிபந்தனைகளை அமல்படுத்த முடியுமா என்பதையெல்லாம் பார்க்கலாம் என்றது. ஆனால் அந்த 34 நாள் அந்தப் பிரிவின் கீழ் போட்ட காவல் இல்லை, அதனால் கணக்கில் சேராது என்றது. வாசலில் போலிஸ் நின்றது நிஜம். வெளியே போக முடியாதது நிஜம். கணக்குப் புத்தகத்தில் மட்டும் அந்த நாட்கள் இல்லை. இத்தாலியில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 284ஆம் பிரிவு, வீட்டுக்காவலில் இருப்பவரைச் சிறைக்காவலில் இருப்பவராகவே கருத வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. இங்கே அப்படி எழுதிவைக்காததால் ஒரு மனுசனின் 34 நாள் காற்றில் போனது.

அப்புறம் 2022 நவம்பர் 10. நவ்லாகாவின் வயதையும் நோயையும் பார்த்து, முதலில் ஒரு மாதத்துக்கு வீட்டுக்காவல் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அந்த நிபந்தனைகளைத் தோழர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். வாசலிலும் அறைகளுக்கு வெளியிலும் கண்காணிப்புக் கேமரா, அவர் செலவில். காவலுக்கு நிற்கும் போலிஸ் செலவுக்கு முன்பணம் 2.40 லட்சம் ரூபாய், அவர் செலவில். இண்டர்நெட் இல்லாத போன், அதுவும் போலிஸ் கொடுக்கும் போன், நாளுக்கு ஒரு தடவை 10 நிமிடம், போலிஸ் முன்னிலையில். கம்ப்யூட்டர் கூடாது. வாரத்தில் ஒருநாள் 3 மணி நேரம் குடும்பத்தில் இரண்டு பேர் வந்து பார்க்கலாம். போலிஸ் துணையோடு நடைப்பயிற்சி போகலாம். கூடத் தங்கும் துணைவியாரும் இண்டர்நெட் இல்லாத போன்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, வீடு? நாடறிந்த எழுத்தாளருக்கே அது லேசில் கிடைக்கவில்லை. கடைசியில் நவி மும்பையில் மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்த ஒரு கட்டடத்தில் நூலகமாக இருந்த இடத்தில் தங்கினார். கட்சி அலுவலகம் இருக்கிற கட்டடம், பாதுகாப்பில்லை என்று தேசியப் புலனாய்வு முகமை எதிர்த்தது. சமையலறையிலிருந்து வெளியே போகும் கதவைச் சீல் வைக்கவும், கூடத்துக் கிரில்லைப் பூட்டவும் உத்தரவானது. ஒரு மாதம் என்று தொடங்கியது ஒன்றரை ஆண்டு ஓடியது. காவல் செலவு பாக்கி 1.64 கோடி ரூபாய் என்று 2024இல் முகமை பில் நீட்டியது. 2024 மே 14இல், ஏற்கெனவே உயர்நீதிமன்றம் கொடுத்திருந்த ஜாமீன் நடப்புக்கு வந்தபோது, 20 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது உச்ச நீதிமன்றம். தன்னைப் பூட்டிவைக்கிறவனுக்குத் தானே சம்பளம் கொடுக்கிற கைதி! அமெரிக்காவிலும் பல கவுண்டிகளில் விசாரணைக்குக் காத்திருப்பவர் காலில் கண்காணிப்புப் பட்டையை மாட்டி, அதற்கு நாள் வாடகையும் அவரிடமே வாங்குகிறார்கள்.

இந்த நிபந்தனைப் பட்டியலை எடுத்துக்கொண்டு நம்ம காலனிக்குள் நுழையுங்கள். அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. கூரையில் காரை பேர்ந்து கம்பி தெரியும். ஒரே அறை, அதில் ஆறு பேர். வெளிக்குப் போகக் கருவேலங்காடு, தண்ணிக்குத் தெருக்குழாய். சமையல் அடுப்பு வாசலில். சீல் வைக்க இரண்டாவது கதவு ஏது? வீட்டுக்கு உள்ளே என்பது எது, வெளியே என்பது எது? ஒரு சாதிக் கலவர வழக்கில் பையன் உள்ளே போன வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டிலேயே வைத்துக் காவல் காக்கிற முறையைப் பற்றிச் சொன்னேன். பையனோட அம்மா சிரிச்சிட்டாங்க. "நாங்களே ராத்திரி பாதிப்பேரு வெளிய கட்டில்ல படுக்கிறோம். போலிஸ்காரர எங்கய்யா படுக்க வைக்கிறது? அவருக்குச் சோறு யாரு போடுறது?" அந்த அம்மா கேட்டதற்கு எந்தத் தீர்ப்பிலும் பதில் இல்லை.

வாடகை வீட்டுக்காரர் கதை வேறு. வீடு பார்க்கப் போனாலே 'நீங்க எந்த ஆளுங்க' என்று கேட்கிற ஊரில், வாசலில் துப்பாக்கியோடு போலிஸ் நிற்கச் சம்மதிக்கிற வீட்டுக்காரன் யார்? புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவனுக்கு வீட்டு முகவரியே சந்தேகத்துக்குரியது. ஜாமீன் கிடைத்தாலும் சொத்துள்ள ஜாமீன்தார் இரண்டு பேருக்காக வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் நாள் கணக்காகக் காத்துக் கிடக்கிற சனம் இது. 1978இல் மோதிராம் என்கிற கொத்தனார் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவர் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் ஏற்கவில்லை. நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த அநியாயத்தைக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பு வந்து நாற்பது வருசத்துக்கு மேல் ஆன பிறகும் ஏழையிடம் சொத்துதான் கேட்கிறார்கள். இப்போது வீடும் கேட்கிறோம் என்றால் அது முன்னேற்றமா?

வீடு வீடு என்கிறோம், அந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள்? பெண்கள். ஆணை வீட்டில் பூட்டினால் கடைக்குப் போவது, கோர்ட்டுக்கு அலைவது, போலிஸ்காரனுக்கு டீ வைப்பது, யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று பதில் சொல்வது எல்லாம் அவர்கள் தலையில். மனைவி களை எடுக்கப் போனால்தான் அடுப்பு எரியும். புருசனோ ஒரு ரூபாய் சம்பாதிக்காமல் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். ஜெயிலில் அரசாங்கம் போடுகிற அந்தக் களியும் இங்கே குடும்பத்தின் செலவு. குற்றம் சாட்டப்படாத மனுசிக்கும் பாதிக் காவல். இதற்கு எந்த நீதிபதியும் அவளிடம் சம்மதம் கேட்கும்படி சட்டம் சொல்லவில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இன்னொன்று உறைக்கும். அறம், பொருள், இன்பம், வீடு என்பார்கள். அந்த வீடு விடு என்பதிலிருந்து வந்தது. விடுதலை என்று பொருள். வள்ளுவர் முதல் மூன்றுக்குப் பால் வகுத்தார், வீட்டுக்கு வகுக்கவில்லை. நம் பாட்டன் பூட்டன்களுக்கு அந்த வீடும் இல்லை, இந்த வீடும் இல்லை. ஊருக்கு வெளியே சேரி. எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தத் தெருவில் கூடாது என்பதெல்லாம் கோர்ட் உத்தரவு இல்லாமலே அமலில் இருந்த காவல். உத்தபுரத்தில் 1989இல் எழுப்பிய சுவரில் ஒரு வழி திறக்க 2008 மே மாதம் வரை ஆனது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், ரேகைச் சட்டம் என்று சனங்கள் சொன்ன சட்டம், பிறப்பையே குற்றமாக்கி, ராத்திரியில் எங்கே படுக்க வேண்டும் என்பதையும் தீர்மானித்தது. இருக்கிற இடத்தையே ஜெயிலாக்குவது நமக்குப் புதுசு இல்லை. அதைச் சலுகை என்று சொல்லிக் கொடுப்பதுதான் புதுசு.

ஜெயில் மட்டும் சாதியைக் கடந்ததா என்றால் அதுவும் கிடையாது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் அடைத்ததை, மோதலைத் தடுக்கத்தான் என்ற அரசின் வாதத்தோடு உயர்நீதிமன்றம் ஒருமுறை ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3இல் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பார்வையை மறுத்து, சாதி பார்த்து வேலை ஒதுக்கும் சிறை விதிகளைச் செல்லாது என்றது. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அதில் 4,34,302 பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள், நாலில் மூணு பேர். நூறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர். விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தலித். மக்கள்தொகையில் நமது பங்கு ஆறில் ஒன்று.

இப்போது கேள்விக்கு வருகிறேன். தண்டனைக்கு முன்னால் ஒருவரை அடைத்துவைக்க அரசுக்கு மூன்று காரணம்தான் சொல்ல முடியும். ஓடிவிடுவார், சாட்சியைக் கலைப்பார், மறுபடி குற்றம் செய்வார். வீட்டுக்காவல் கொடுக்கிற நீதிமன்றம் என்ன சொல்கிறது? இவரை வீட்டில் வைத்தாலே இந்த மூன்றையும் தடுக்கலாம், இவருக்கு ஜெயில் தேவையில்லை என்கிறது. அதே நீதிமன்றத்தில் அதே நாளில், அதே மாதிரி ஒருவர், ஜெயிலுக்குப் போகிறார். அவர் அதிகம் ஆபத்தானவரா? அவரிடம் கேமராவுக்குக் காசில்லை, சீல் வைக்கக் கதவில்லை. அவ்வளவுதான். அவரை ஜெயிலில் வைத்திருப்பது சந்தேகம் இல்லை, வறுமை. ஒவ்வொரு வீட்டுக்காவல் உத்தரவும், இத்தனை பேர் ஜெயிலில் இருக்க வேண்டியதே இல்லை என்பதற்கு அரசு தன் கையால் எழுதிக் கொடுக்கிற சாட்சியம். அந்தச் சாட்சியத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம் கேட்க வேண்டியது வீட்டுக்காவலையா, விடுதலையையா?

"கெடைக்கிறதையும் வேண்டாங்கிறீங்களா தோழர்?" என்று ஒருவர் கோபப்படலாம். அந்தக் கோபத்துக்கு முன்னால் எனக்கு ஸ்டேன் சாமியின் முகம் வருகிறது. திருச்சிப் பக்கத்தில் பிறந்து, ஜார்க்கண்டில் ஆதிவாசி விசாரணைக் கைதிகளுக்காக வழக்காடி, கடைசியில் தானே விசாரணைக் கைதியானவர். 84 வயது, நடுக்குவாதம். தண்ணீர் குடிக்க உறிஞ்சு குவளை கேட்டு கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வயதையும் நோயையும் பார்த்து வீட்டுக்காவல் தரலாம் என்ற தீர்ப்பு 2021 மே 12. காவலில் இருந்தபடியே ஆஸ்பத்திரியில் அவர் இறந்தது ஜூலை 5. நடுவில் 54 நாள். தன் ஆட்களோடு இருக்க வேண்டும் என்று நீதிமன்றத்திடம் அவர் கேட்டிருந்தார். இயேசு சபைத் துறவி, சொந்தமாக ஒரு செண்டு நிலம் இல்லாதவர். ராஞ்சியில் பலரும் வந்துபோகிற பொது இடம்தான் அவருக்கு வீடு. ஆகவே நோயாளிக்கும் கிழவருக்கும் வீட்டுக்காவல் வேண்டாம் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. உயிர் போகிற இடத்தில் கோட்பாடு பேசக் கூடாது. அது ஜாமீனுக்குப் போகிற வழியில் ஒரு திண்ணையாக இருக்கட்டும், தங்கிவிடுகிற இடமாக ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பேசாமல் நழுவ முடியாது. நம்ம குடிசையைக் கொளுத்தியவனுக்கு வீட்டுக்காவல் என்றால்? அவன் வீடு நம்ம தெரு முனையில். அவன் வெளியே வரவே வேண்டாம், திண்ணையில் உட்கார்ந்தாலே போதும், சாட்சி வாய் தெறக்காது. அவன் வீட்டுக்குள் இருப்பான், நாம்தான் காவலில் இருப்போம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன்ஜாமீன் கூடாது என்று வைத்ததும், 2016 முதல் 15ஏ பிரிவில் ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவர் பேசும் உரிமை வந்ததும் இதனால்தான். அவனுக்கும் தீர்ப்பு வரும் வரை குற்றமற்றவன் என்கிற அனுமானம் உண்டு. அதை மறுத்தால் நமக்கு அதைக் கேட்கும் யோக்கியதை போய்விடும். ஆனால் நீதிபதி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இவனிடம் என்ன சொத்து இருக்கிறது என்பதைக் கேட்க வேண்டாம். இவன் வெளியே இருந்தால் யார் பயப்படுவார்கள் என்று கேட்கட்டும். அப்படிக் கேட்டால் சொத்தில்லாத நம்ம பையன் பெரும்பாலும் வெளியே வருவான். சொத்துள்ள சாதிக்காரன் ஊரைவிட்டுத் தள்ளியாவது இருப்பான்.

புதிய கருவிகளும் வருகின்றன. 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலிஸ் ஜாமீனில் வந்த ஒருவர் காலில் ஜிபிஎஸ் பட்டை மாட்டியது. கூகுள் வரைபடத்தில் தன் இருப்பிடத்தைப் போலிசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற ஜாமீன் நிபந்தனையை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் சிறைச் செலவைக் குறைக்க இதுதான் வழி என்கிற பேச்சு ஓயாது. ஜாமீன் தர வேண்டியவருக்குப் பட்டையும், பட்டைக்கு வாடகையும் என்று அது நம்ம தெருவுக்கு வந்து சேரும்.

அதனால் கோரிக்கையைத் தெளிவாக வைப்போம். ஜெயில் ஏன் தேவை என்பதைப் போலிஸ் ஒவ்வொரு வழக்கிலும் எழுதிக் காட்டட்டும். காட்ட முடியவில்லை என்றால் சொந்தப் பிணையில் விடட்டும், வீடும் சொத்தும் கேட்க வேண்டாம். நோயாளிக்கும் முதியவருக்கும் வீட்டுக்காவல் போட்டால் அதன் செலவு முழுக்க அரசுடையது, ஒவ்வொரு நாளும் காவல் கணக்கில் சேர வேண்டும், வீட்டில் இருக்கிற மற்றவர் சம்மதம் கேட்க வேண்டும். சாட்சியின் பயம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டும்.

சட்டக் கல்லூரித் தோழர்களுக்கு உடனே செய்கிற வேலை ஒன்றும் இருக்கிறது. புதிய சட்டத்தின் 479ஆம் பிரிவுப்படி, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. ஆனால் ஒருவர் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தால் இந்தச் சலுகை இல்லை. நம்ம பையன்கள் மேல் ஒரே கலவரத்துக்கு எத்தனை வழக்கு அடுக்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமாகப் பக்கத்துக் கிளைச் சிறைக்குப் போங்கள். ஜாமீன் உத்தரவு வந்தும் ஜாமீன்தார் கிடைக்காமல் உள்ளே இருப்பவர் எத்தனை பேர், எந்தத் தெரு, எத்தனை நாள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியல் நம் கையில் இருந்தால் கோர்ட்டில் வேறு மாதிரி பேசலாம்.